பன்னெண்டுல நிக்கோணும்

வாங்க, உக்காருங்க. அந்தக் கொட்டாய்க் கதவுல மட்டும் சாயாதீங்க. தாப்பாள் போயி ஆறு மாசமாச்சு. ஒரு பைப்பை முட்டுக் குடுத்து வெச்சிருக்கறேன். அது சரிஞ்சா கதவு உங்க மேல, கன்னுக்குட்டி என்ற மேல.

பையை அவுக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. நான் அந்தத் துப்பாக்கியைத் தொடமாட்டேன். லைசென்ஸ் உங்க பேர்ல இருக்குது. என்ற பேர்ல ரேசன் கார்டுதான் இருக்குது. நீங்களே புடிங்க, நீங்களே தொறங்க, நான் இங்க இருந்துட்டுச் சொல்றேன். குண்டெல்லாம் எடுத்தாச்சுங்களா? உருளையை வெளிய தள்ளி ஒவ்வொரு ஓட்டையா பாருங்க. ஆறும் காலியா? மறுக்கா பாருங்க. ஒருக்கா பாத்தாப் பத்தாதுங்க.

சிறுமுகைன்னீங்களா? வாழையா? அப்ப பன்னி வராம இருக்குமா. வானத்தப் பாத்து ரெண்டு வெடி, பன்னி ஓடிரும், சரி. ஆனா பத்து வெடிக்கு மேல போனா உருளை சுத்தறதுக்கு முக்குதுன்னு சொல்றீங்க. பக்கவாட்டுல பொறி தெறிக்குது. போன வாரம் ஒரு வெடி சத்தம் கம்மியா வந்துச்சு. ம். வெச்சுக்குங்க, வரேன்.

துப்பாக்கியைத் திருப்பிக் கொண்டாங்கன்னு கம்பெனி போட்ட லெட்டரைக் காட்டுங்க. கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல, நீங்களே படிங்க. 'பொருத்தும் முறையில் ஏற்பட்ட குறைபாடு காரணமாக.' நிறுத்துங்க. அங்கியே நிறுத்துங்க. பொருத்தும் முறை! பாத்தீங்களா எழுத்தை? டிசைன் குறைபாடுன்னு எழுதலாமல்ல? எழுதமாட்டான். அவன் போட்ட டிசைன். பொருத்துனவன் எவனோ, பழியை அவன் தலையில போட்டுத் தள்ளு. கீழ கையெழுத்து ஜெபராஜ்னு இருக்குமே? உற்பத்தி மேலாளர்னு இருக்குதா? பாருங்க, மேனேஜராயிட்டான். ஆனதும் மொத வேலையா எனக்கு எதிரா நாப்பது ஊட்டுக்கு லெட்டர் போட்டுட்டான்.

நான் அங்க இருபத்தாறு வருசம் பேரல் ஃபிட்டருங்க. கம்பெனி பேரு வேண்டாம், சொன்னா இப்பவும் வாய் கசக்குது. பகல்ல பேரல் முறுக்குவேன், ஏழு மணிக்கு சைக்கிளை எடுத்துட்டு ராத்திரிப் பள்ளிக்கூடம் போவேன். நாலு வருசம். மெசின் டிராயிங், மெட்டீரியல், எல்லாம் பாசு. பகல்ல படிச்சவனுக்குத் தெரியறதும் எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாத தூக்கமும் எனக்குத் தெரியும். அதனால இந்த ஆளு ஏதோ ஸ்பேனர் புடிச்சவன், பேசறான்னு நெனைக்காதீங்க.

உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். குண்டு போற கொழலுதான் பேரல். அதோட பின்பக்கம் ஒரு முக்கால் இஞ்சுக்கு வெளிய திருகு மரை இருக்கும். அதை ஃபிரேமுல, அதான் உருளையைத் தாங்கற உடம்புல, முறுக்கோணும். முறுக்கி முடிக்கறப்ப மேல இருக்கற முன்குறி நேரா வானத்தைப் பாக்கோணும். கடிகாரத்துல பன்னெண்டு. பதினொண்ணே முக்காலும் ஆகாது, பன்னெண்டே காலும் ஆகாது. குறி சாஞ்சா குண்டு சாயும். கையில முறுக்குனா பதினொண்ணரைக்கு வந்து நிக்கும். அப்பறம் ஸ்பேனரைப் போட்டு ஒரே இழுப்பு, பன்னெண்டு. அந்த அரைமணி நேர இழுப்புதான் அதை ஆயுசுக்கும் புடிச்சு வெக்கறது.

எல்லாப் பேரலும் பதினொண்ணரைக்கு வருமான்னு கேளுங்க. வராது. சிலது பத்தரைக்கே நின்னுக்கும். சிலது பத்து. பொஸ்தகப்படி என்ன பண்ணோணும்னா, கழட்டோணும், சீட்டு எழுதோணும், லேத்துக்காரன்கிட்டக் குடுத்து அந்தப் பேரலோட தோளை, ஃபிரேமுல வந்து முட்டற எடத்தை, ஒரு மயிரிழை சீவச் சொல்லோணும். அவன் டீ குடிச்சுட்டு வருவான். வந்து ரெண்டு மயிரிழை சீவிருவான். இப்ப அது ஒரு மணிக்குப் போயி நிக்கும். அந்தப் பேரல் குப்பை. அரை நாள் போச்சு.

அதுக்குத்தான் பைப்பு. ஸ்பேனர் கைப்பிடி மேல ரெண்டரை அடிப் பைப்பைச் சொருகி, காலை அண்டக் குடுத்து, மூச்சை இழுத்துப் புடிச்சு ஒரு இழுப்பு. பத்து மணி என்னங்க, ஒம்பதே முக்காலைக்கூட பன்னெண்டுக்குக் கொண்டாந்திருக்கறேன். மத்த ஃபிட்டருக எல்லாம் முடியலைன்னா என்ற டேபிளுக்குத்தான் தூக்கீட்டு வருவாங்க. 'பைப்பு சென்னியப்பன்'னு பேரே வந்திருச்சு. மொதலாளியோட அப்பா இருந்த காலத்துல, வர்ற வெளியூர்க்காரங்களுக்கு என்னைக் கூப்புட்டுக் காட்டுவாரு. 'இழுடா சென்னியப்பா' அப்படீம்பாரு. இழுப்பேன். கை தட்டுவாங்க.

இருபத்தாறு வருசத்துல ஒண்ணாவது வெடிச்சுதான்னு கேளுங்க. ஒண்ணுமில்ல. ஈயம் புடிக்குது, உருளை இறுகுதுன்னு வருசத்துக்கு நாலஞ்சு திரும்பி வரும். அது குண்டு சரியில்ல. நல்ல குண்டு எங்க கெடைக்குது நம்ம ஊர்ல.

இந்தாங்க, மோரு வந்திருச்சு. குடிங்க. ஊட்டுக்காரிங்க. ருக்குமணி. அவளுக்குப் பேச்சு கம்மி. இல்லீங்க, பக்கத்தூட்ல பேசுவா, ஃபோன்ல பேசுவா, கன்னுக்குட்டிகிட்ட நெம்ப நல்லாப் பேசுவா. இங்க கம்மி. மூணு வருசமா கம்மி. பொம்பளைகளுக்கு அம்பது தாண்டுனா அப்படித்தான்னு டாக்டர் யாரோ சொல்லியிருக்காங்க. அங்கியே நிக்கறா பாருங்க. நிக்கட்டும்.

எங்க விட்டேன்? ஜெபராஜ்.

நாகர்கோயில் பக்கம் அவனுக்கு. டிசைன் போடறதுக்குன்னு வந்தப்ப இருபத்தேழு வயசு. சட்டைப் பையில நாலு பேனா. வந்த அன்னைக்கே என்ற டேபிளுக்கு வந்து, 'அண்ணா, நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுக்கணும்' அப்படீன்னான். அப்பவே தெரிஞ்சுது எனக்கு. சொல்லிக் குடுங்கன்னு கேக்கறவன்கிட்ட ஜாக்கிரதையா இருக்கோணும். அவன் நோட்டு வெச்சிருப்பான்.

சின்ன மொதலாளி ஒரு நாள் சொன்னாரு, துப்பாக்கி கனமா இருக்குது, இடுப்புல வெச்சா வேட்டி எறங்குது, எடையைக் கொறைங்கன்னு. ஜெபராஜ் எங்க கொறைச்சான்? பேரலோட பின்பக்கம், அந்த மரை இருக்குது பாத்தீங்களா, அங்க. மரைக்கும் உள்ள இருக்கற துவாரத்துக்கும் நடுவுல இருக்கற செவுத்தை இருபது தவு மெலிசாக்கிட்டான். தவுன்னா ஒரு இஞ்சை ஆயிரமாப் போட்டா அதுல ஒண்ணு. இருபது தவுன்னா ஒரு அரை மில்லி. கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா அது எடம் எப்பேர்ப்பட்ட எடம்! குண்டு உருளையை உட்டுத் தாண்டி பேரலுக்குள்ள தலையை வெக்கற எடம். வெடியோட மொத்தக் கோவமும் அங்கதான் இருக்கும். அங்க போயி அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி இரும்பைப் பொறுக்குவாங்களா?

அதைச் செஞ்சுபோட்டு ஒரு தாளை ஒட்டுனான் எங்க செவுத்துல. 'பைப் பயன்படுத்தக் கூடாது. முன்குறி பதினொன்றேகாலுக்கு முன் நின்றால் திருப்பி அனுப்பவும். பொருத்திய பின் ஒவ்வொரு பேரலிலும் கேஜ் போட்டுப் பார்க்கவும்.' கேஜ்னா ஒரு பித்தளைக் குச்சி. சரியான அளவுல கடைஞ்சிருக்கும். பேரல் வாய்ல உட்டா, தன் கனத்துலயே வழுக்கிட்டு அக்கட்டால வந்து உழுகோணும். எங்கியாச்சும் நின்னா அங்க சுருங்கியிருக்குதுன்னு அர்த்தம்.

நான் போயி கேட்டேன். 'ஏந் தம்பி, என்ற கையி தாங்காத பேரலை எதுக்குப் போடறே?' அப்படீன்னு. அவன், 'அண்ணா, மெலிசானதுக்கு மரை இறுகினா உள்ள துவாரம் சுருங்கும், அதான்' அப்படீங்கறான். எனக்கே! ராத்திரிப் பள்ளிக்கூடத்துல அதுதான் மூணாம் வருசப் பாடம். எனக்குத் தெரியாதா அது? தெரிஞ்சுதான கேக்கறேன்? சுருங்கும்னு தெரிஞ்சா தடிமனா போட்டுட்டுப் போ. அதை உட்டுப்போட்டு இருபத்தாறு வருசம் இழுத்தவனை இழுக்காதேன்னா?

ஆமாங்க, இழுத்தேன். கேக்கறீங்களேன்னு சொல்றேன். ஒளிச்சு மறைச்சு என்ன. ஆனா எல்லாத்துக்கும் இல்ல. பத்து, பத்தரைக்கே நிக்கறதுக்கு மட்டும். ஒரு நாளைக்கு முப்பது முடிக்கோணும், பத்து திருப்பி அனுப்புனா யாரு கேவலப்படறது? பதினாலாம் நம்பர் ஃபிட்டரு, நடராசன்னு ஒருத்தன், அவன் திருப்பி அனுப்பிட்டே இருந்தான். ஒரு நாளைக்குப் பன்னெண்டுதான் முடிப்பான். கேஜைப் போட்டு, தொடைச்சு, மறுக்காப் போட்டு, கோயில் மணியாட்டம் ஆட்டிட்டு. நான் முப்பது. பைப்பில்லாம எப்படி முப்பது வரும்னு எவனும் கேக்கல. ஜெபராஜும் கேக்கல. கேக்கோணுமில்ல? அது அவன்ற வேலைதான?

அடையாளம் பத்திச் சொல்லோணும். ஒவ்வொரு ஃபிட்டரும் முடிச்ச துப்பாக்கியில, கைப்பிடிப் பலகைக்கு அடியில, ஃபிரேமுல ஒரு குத்து குத்தோணும். எல்லாரும் நம்பர் குத்துவாங்க. நான் மட்டும் வேல் குத்துவேன். ஒடைஞ்ச டிரில் பிட்டு ஒண்ணைத் தீட்டி நானே செஞ்ச குத்தாணி. பெரிய மொதலாளி, 'நீ மட்டும் குத்திக்க'ன்னாரு. வேல் இருக்கற துப்பாக்கின்னா பயப்படவே வேண்டாம்னு கடைக்காரங்க கேட்டு வாங்குவாங்க. உங்க கடைக்காரரும் அதனாலதான் என்ற ஊட்டுக்கு வழி சொல்லியிருப்பாரு.

அப்பறம் அந்த நாளு.

புதுப் பேரல்ல மொத நாப்பது போயாச்சு. சுட்டாச்சு, வித்தாச்சு, உங்களுது அதுல ஒண்ணு. ரெண்டாவது லாட்டு. சுட்டுப் பாக்கறது என்ற மச்சான், திருமூர்த்தி. இவளுக்குத் தம்பி. நான்தான் கம்பெனியில சேத்துட்டேன். நல்ல பையன், கண்ணு கூர்மை. வரிசையா துப்பாக்கி அடுக்கியிருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஆறு வெடி, டப்பு டப்புன்னு போயிட்டே இருக்கோணும். அன்னைக்கு ஒண்ணுல சத்தம் 'சொத்'துன்னு வந்திருக்குது. சேத்துல கல்லு போட்ட மாதிரி. நிறுத்தியிருக்கோணும். நிறுத்தல. கைப்பழக்கம், அடுத்த வெடி போயிருச்சு.

முந்தின குண்டு உள்ளயே நின்னுருக்குது. அந்தச் சுருங்குன கழுத்துல ஒவ்வொரு குண்டா ஈயத்தை வழிச்சு அப்பி அப்பி, அங்கியே மாட்டிக்கிச்சு. பின்னால வந்தது எங்க போகும்? பேரல் வீங்கி, ஃபிரேம் மேல்பக்கம் பொளந்து போச்சு. எடது கையால கீழ தாங்கிப் புடிச்சிருந்தான். ரெண்டு விரல் போச்சு. நடு விரலும் அதுக்குப் பக்கத்துதும்.

இப்ப நல்லா இருக்கறானுங்க. மருதமலையில செருப்புக்கு டோக்கன் குடுக்கறான். டோக்கன் குடுக்க மூணு விரல் போதும்.

அம்மிணி, மோரு இன்னுங் கொஞ்சம் கொண்டாந்தியான்னா... போகமாட்டா. சரி உடுங்க.

மக்யா நாளு, விடிஞ்சதும், ஜெபராஜ் அந்தப் பேரலை நீளவாக்குல அறுத்தான். பப்பாளியைப் பொளந்த மாதிரி ரெண்டா டேபிள் மேல வெச்சான். எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. மரை இருக்கற எடத்துல இடுப்பு மாதிரி சுருங்கியிருக்குது. மூணு தவு. அளந்து காட்டறான். காட்டிட்டு என்னைப் பாத்து, சத்தம்கூட ஒசத்தல, கேக்கறான். 'அண்ணா, பைப் போட்டீங்களா?'

அதைத்தானுங்க என்னால மறக்க முடியல. டேய்னு கேட்டிருந்தா செவுட்டுல ஒண்ணு உட்டிருப்பேன். அண்ணான்னு கேக்கறான். அத்தனை பேர் முன்னால, சொந்தக்காரன் ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப, அண்ணாவாம். நான் சொன்னேன், 'உன்ற டிராயிங் போட்டுச்சு'ன்னு. சொல்லிட்டு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டு, வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். பைப்பையும் எடுத்துட்டு வந்துட்டேன். என்ற பைப்பு.

அந்த வெடிச்சதுல என்ன அடையாளம் இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? நான் பாக்கலீங்க. பாக்கறதுக்கு என்ன இருக்குது? டிசைன் தப்புன்னு ஆனப்பறம் எவன் பொருத்துனா என்ன. ஆஸ்பத்திரியில இவ ஒருக்கா கேட்டா. 'அது யாரு முறுக்குனதுங்க?' அப்படீன்னு. டிராயிங்கைப் பத்தி முழுசாச் சொன்னேன். இருபது தவு, சுவரு, மரை, எல்லாம். கேட்டுட்டே இருந்தா. அப்பறம் அவளுக்குப் பேச்சு கம்மியாயிருச்சு.

சரி, உங்க விசயத்துக்கு வரலாம். அந்த சாமி படத்துக்குப் பின்னால ஒரு பித்தளைக் குச்சி இருக்கும், எட்டி எடுங்க. அதேதான். கேஜு. ஞாபகத்துக்குன்னு எடுத்துட்டு வந்தது. ஒருநாளும் போட்டுப் பாத்ததில்ல. இந்தத் துணியில மொத பேரல் உள்ள தொடைங்க. நல்லா. கறுப்பா வருதா? வரும், பன்னி வெரட்டச் சுட்டது. இப்ப துப்பாக்கி வாயை மேல பாக்க வெச்சு, குச்சியை உடுங்க. தள்ளாதீங்க! தானா போகோணும்.

போகுதா?

நின்னுருச்சா. எங்க? வெரலை வெச்சு அளந்து வெளிய வெச்சுப் பாருங்க. ஃபிரேம் ஆரம்பிக்கற எடமா? அழுக்கு இருக்கும். மறுக்காத் தொடைங்க. மண்ணெண்ணெய் தொட்டுத் தொடைங்க. ம், இப்ப உடுங்க.

அதே எடமா.

அப்ப பாருங்க, நான் சொன்னேனல்ல. மெலிசாப் போட்டா இப்படித்தான் ஆகும். எவன் முறுக்குனாலும். இதுவும் அந்தப் பதினாலாம் நம்பரு முறுக்குனதாத்தான் இருக்கும். கேஜ் போட்டேன், கேஜ் போட்டேன்னு ஊரை ஏமாத்திட்டிருந்தான். வேணும்னா பாத்துரலாம். கைப்பிடியில ஒரே திருகாணி. இந்தாங்க ஸ்க்ரூ டிரைவர். கழட்டுங்க. பலகையை எடுத்துட்டு, அந்த இடுக்குல பாருங்க. பதினாலுன்னு இருக்குதுங்களா?

என்னங்க?

வெளிச்சம் பத்தலையா? வாசப்பக்கம் திருப்பிப் புடிங்க.

ஏன் பலகையை மூடறீங்க. பாத்தாச்சா? பாத்தாச்சுன்னா சொல்லோணுமில்ல. ஒண்ணு நாலு. பதினாலு. ரெண்டு எழுத்துதான? எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது, நீங்கதான் சொல்லோணும். அழுக்கு மூடியிருக்குதுன்னா அழுக்கு மூடியிருக்குதுன்னு சொல்லுங்க. அதுவும் ஒரு பதில்தான்.

கண்ணாடி... எதுக்கு அம்மிணி இப்ப கொண்டாந்து நீட்டறே? நானா கேட்டேன்?

'ஏனுங்ணா, அது என்ன அடையாளமுங்க?'

கேட்டீங்களா? அவதான். உங்களைத்தான் கேக்கறா. மூணு வருசத்துல என்ற முன்னால இவ வாயைத் தொறந்தது இதுதான். அதுவும் உங்ககிட்ட.

சொல்லுங்க. என்ன என்ற மூஞ்சியப் பாக்கறீங்க? அவதான கேக்கறா. அவளுக்குச் சொல்லுங்க.

ம்.

சொல்லிட்டீங்க. சரி. உள்ள போயிட்டாளா? போகலையா. நிக்கட்டும்.

டிராயிங் தப்புதானுங்க. அதுல மாத்தமில்ல. இன்னைக்கு அந்த ஜெபராஜ் வந்து இதே கட்டில்ல உக்காந்தாலும் அதேதான் சொல்லுவேன். இருபது தவு எடுத்தது தப்பு. எழுதி வெச்சுக்குங்க.

ஆனா அந்தக் குண்டுகளை மறுக்கா இதுல போடாதீங்க. பன்னி வந்தா தகரத்தைத் தட்டுங்க. சத்தம் கம்மியா ஒரு வெடி வந்துச்சுன்னு சொன்னீங்களே, அது உங்களுக்கு நல்ல நேரம். அடுத்ததுக்கு நேரம் பாத்துட்டு இருக்க முடியாது. நாளைக்கே கம்பெனிக்குக் கொண்டு போயிருங்க. லெட்டர்ல என்ன தேதி போட்டிருந்தாலும் சரி, நாளைக்கே. நாப்பது பேர்ல இன்னும் எத்தனை பேர் கொண்டு வரலைன்னும் கேளுங்க. அதுல வேல் எத்தனைன்னு... வேண்டாம், அதைக் கேக்க வேண்டாம். எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நான் முப்பதுன்னா நாப்பதுல கணக்கு என்ன வரும்.

கெளம்பறீங்களா? வண்டியில பின்னால கட்டறதுக்குக் கயிறு இருக்குதுங்களா? ஏன்னா, அங்க பாருங்க. இவ போயி அந்தக் கதவுல இருந்து பைப்பை உருவிட்டா. கன்னுக்குட்டி வெளிய வந்திருச்சு. புடி அம்மிணி, கன்னைப் புடி. பைப்பை அவருகிட்டக் குடு. கனமா இருக்கும், பாத்து வாங்குங்க, ரெண்டரை அடி.

அந்த ஜெபராஜ்கிட்டக் குடுத்துருங்க. நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம். அண்ணான்னு ஏதாச்சும் ஆரம்பிச்சான்னா நிக்காதீங்க, வண்டியை எடுத்துட்டு வந்துருங்க.

கதவுக்கு வேற முட்டு பாத்துக்கறேன்.